ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

வாத்தியாரம்மா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மெக்கானிக் தெருமுனைவரை காருக்குப் பக்கத்திலேயே நடந்து போனார். கார் அவ்வளவு மெதுவாகப் போயிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர். பக்கத்து இருக்கையில் வாத்தியாரம்மா. அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். ஜன்னல் வழியாக மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்புறம் துண்டை நீட்டினார். அப்புறம் ஒன்றுமில்லாமல் கையை மட்டும் நீட்டினார். யார் இது என்று பல் டாக்டர் கேட்டாள். என் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக், நீங்கள் நேராகப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள் வாத்தியாரம்மா.

வாத்தியாரம்மா என்பது அவர் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் அவள் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள், சொன்னால் அதட்டிச் சொல்வாள். பதிலுக்கு அவள் வைத்தது மெக்கானிக். கேலி தேய்ந்து பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

ஏழு மாதத்துக்கு முன் அவளுடைய மூத்திரப்பையை எடுத்துவிட்டார்கள். பையில் கட்டி. பையோடு கருப்பையும் சூலகங்களும் போயின. குடலில் ஒரு துண்டை வெட்டிக் குழாயாக்கி, தொப்புளுக்கு வலப்பக்கம் சின்னதாக ஒரு வாய் வைத்தார்கள். அந்த வாய்க்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். மூத்திரம் அதில் சேரும். நிறைந்தால் அவள் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அவள் பழகிக்கொண்டாள். சீட் பெல்ட் பையை அழுத்தாமலிருக்க மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை வண்டியை உலுக்கி நிறுத்தினாள். பை அசையவில்லை. கட்டி திரும்பவில்லை. பசி திரும்பியது, குரல் திரும்பியது, அதட்டல் திரும்பியது.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதற்கு அந்த வீட்டில் தூக்கம் என்று பெயர்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஞாயிறு மதியம் நீச்சல் வகுப்புக்குப் போவாள். கதவு சாத்தியதும் மெக்கானிக் கொட்டாவி விடுவார். வராத கொட்டாவி. "தூக்கம் வருது, உனக்கு?" என்பார். அவளுக்கும் வரும். எங்க அப்பா அம்மா ஞாயித்துக்கிழமையானா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க என்று மகள் ஒரு தோழியிடம் சொன்னதைக் கேட்டு இருவரும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். வீடே காலி, எந்தக் கிழமையும் தூங்கலாம். ஆனாலும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் வேலை பார்த்தார். சொட்டும் குழாய், கத்தும் மின்விசிறி, இழுத்துச் சாத்த வேண்டிய கதவு. பழுதானவை தீர்ந்ததும் பழுதாகாதவற்றைக் கழற்றி மாட்டினார். ராத்திரியில் அவள் பையிலிருந்து ஒரு நீளக் குழாய் கட்டிலுக்கடியில் பெரிய பைக்குப் போகும். புரண்டு படுக்கையில் அதை நசுக்கிவிடுவேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மகளுடைய அறைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

குறை சொல்ல முடியாது. முதல் வாரங்களில் அவளுக்குத் தலை சீவிவிட்டதே அவர்தான். கோணல் வகிடு. பையை மாற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்கு முன்னால் அவர் கற்றுக்கொண்டார். படியேறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தொடாமல் இல்லை. நர்ஸ் தொடுவதுபோலத் தொட்டார்.

ஒரு ஞாயிறு அவள் துணிந்தாள். குளித்தாள். பையைக் காலி செய்தாள். பிளாஸ்டிக் தெரியாமலிருக்க நீலத் துணியில் ஓர் உறை வாங்கி வைத்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, தூக்கம் வருகிறது என்றாள். மெக்கானிக் ஸ்டூல்மேல் நின்றிருந்தார், வாயில் இரண்டு திருகாணி. அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். இறங்கினார். அறைக்குக் கூட வந்தார். அவள் படுத்தாள். அவர் ஜன்னலைச் சாத்தினார், போர்வையை எடுத்து அவள் கழுத்துவரை போர்த்தினார், நல்லா தூங்கு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அன்று காலைதான் கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தார்.

அவள் போர்வைக்குள் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பைதான் என்று முடிவு செய்தாள். மனுஷனுக்கு அருவருப்பு. வெளியே சொல்ல மனசு வரவில்லை, நல்ல மனுஷன். அந்த நினைப்பு மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

நாத்தனார் பார்க்க வந்திருந்தபோது வாத்தியாரம்மா சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்கினாள். நாத்தனார் கெட்டிக்காரி, பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். உயிர் மிஞ்சியதே பெரிய காரியம், இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்றாள். அண்ணன் தேடவில்லை என்றால் அது அண்ணனுடைய பெருந்தன்மை என்றாள். தானும் தன் வீட்டுக்காரரும் எப்போதோ கடையைச் சாத்திவிட்டதாகச் சொன்னாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நீங்க சாத்தினீங்க," என்றாள் வாத்தியாரம்மா. "எங்க கடையை யாரோ சாத்திட்டுப் போயிட்டாங்க. நான் இன்னும் உள்ளதான் நிக்கிறேன்."

நாத்தனார் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசித் துண்டை அண்ணி கையில் வைத்துவிட்டு, பேசாமல் டாக்டரைக் கேளேன் என்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, கேட்டால் என்ன சொன்னார் என்று எனக்கும் சொல் என்றாள்.

அடுத்த பரிசோதனைக்கு மெக்கானிக்கும் வந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு முறை முனகியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். டாக்டர் அறைக்குள் அவள் போனதும் அவர் நடையில் லிஃப்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் திரையைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அந்தச் சின்ன வாயைப் பார்த்து அழகாக ஆறியிருக்கிறது என்றார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, கார் ஓட்டலாம், நடக்கலாம், நீந்தக்கூடச் செய்யலாம். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அவள் கதவுவரை வந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கையோடு திரும்பினாள்.

"நான் என் புருஷன்கூடப் படுக்கலாமா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். படுக்கலாம் என்றார். மூன்று மாதத்திலிருந்தே படுக்கலாம்.

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆம்பளைங்ககிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். இது இது பாதிக்கும், இந்த மருந்து இருக்குன்னு. உங்ககிட்ட சொல்லல. நீங்க கேக்கல." பேனாவை மறுபடி எடுத்தார். "அவங்களும் கேட்டதில்ல. நான்தான் சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி உட்காரச் சொன்னார். இந்தத் தடவை பூசி மெழுகவில்லை. மூத்திரப்பையை ஒட்டியிருந்த பிறப்புறுப்புச் சுவரில் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டியிருந்தது, அதனால் உள்ளே இடம் குறுகியிருக்கும், நீளமும் குறைந்திருக்கும். சூலகம் இல்லாததால் வறண்டிருக்கும். நரம்புகளில் சில போயிருக்கலாம், உணர்ச்சி பழையபடி இருக்காமல் போகலாம். எவ்வளவு திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது. ஆனால் வழி உண்டு. ஒரு களிம்பு எழுதினார், அவளுக்கு வந்த மாதிரிக் கட்டியை அது தூண்டாது என்றார். கீழ்த்தளத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாள், இப்போதே போங்கள் என்று ஃபோனை எடுத்தார்.

பிசியோதெரபிஸ்ட் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடும் பெண். மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். யோனி என்ற சொல்லை முழங்கை, கணுக்கால் என்பதுபோலச் சொன்னாள். வாத்தியாரம்மாவுக்கு முதல் தடவை தூக்கிவாரிப் போட்டது. நாலாவது தடவை அது ஒரு சொல் ஆகிவிட்டது. வழவழப்பான சின்ன உருளைகளை எடுத்து வைத்தாள். விரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரியவை. களிம்பு, பிறகு வழவழப்புக்கு ஒரு ஜெல், பிறகு சின்னது. அது வலிக்காமல் போன பிறகு அடுத்தது. அவசரம் கூடாது. கணவரோடு சேரும்போது நீங்கள் மேலே இருங்கள், எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும். முன்னால் பையைக் காலி செய்யுங்கள். அது மட்டும்தான் சேர்க்கை என்று நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறதே அக்கா என்றாள்.

மெக்கானிக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து நடையில் நின்றிருந்தார். லிஃப்டில் கதவுச் சக்கரம் ஒன்று தேய்ந்திருக்கிறது, பயமில்லை, ஆனால் மாற்ற வேண்டும் என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அவர் மூச்சு விட்டார். அது அவளுக்குக் கேட்டது.

காரை அவள் ஓட்டினாள். மெக்கானிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பெண்டாட்டியிடம் கற்றுக்கொண்டால் குடும்பம் உடையும் என்பது அவர் கட்சி. ஆகவே எப்போதும் அவள் பாடம் சொல்லும் இருக்கையில், அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்து உட்காருவார்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பியதும் அவள் சொன்னாள், முன்னால் பார்த்தபடி. "நாம தூங்கலாமாம்."

கார் நின்றது. அவர் மிதித்திருந்தார். பின்னால் வந்த லாரி அலறியது. அவள் அவர் காலைத் தட்டி எடுக்கச் சொன்னாள், ஓரமாகக் கொண்டுபோய் ஒரு பூட்டிய கடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"யார் சொன்னா?"

"டாக்டர். மூணு மாசத்துலேர்ந்தே தூங்கலாமாம்."

மெக்கானிக் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னது கோர்வையாக இல்லை. ஒரு லிஃப்டைத் திறந்து வேலை பார்க்கிறவன் மெயின் சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போடுவான். சாவி அவன் பையில் இருக்கும். வேலை முடிந்து அவனே வந்து எடுக்கிறவரை வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. முதலாளி சொன்னாலும் கூடாது. அவன் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும், ஊருக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம்.

"உன்னைத் திறந்தவர் அவர்தானே," என்றார். "அவர் நடக்கலாம்னார், குளிக்கலாம்னார், வண்டி ஓட்டலாம்னார். ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். இதை மட்டும் சொல்லல. சரி, இன்னும் பூட்டு எடுக்கலன்னு நெனச்சேன்."

அவள் அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

"டாக்டர் ஃபோன் போட்டு, ஐயா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் தூங்குங்கன்னு சொல்லுவார்னு இருந்தீங்களா? நான் வீட்டுலதானே இருந்தேன். என்னைக் கேட்டா என்ன?"

"கேட்டா சரின்னுடுவே. வலிச்சாலும் சொல்ல மாட்டே. பிள்ளை பெத்தப்பவே பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தே. நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அது உண்மை. வலி என்ற சொல்லை அவள் அவரிடம் சொன்னதில்லை. நல்ல நாட்களில்கூட, இருந்த சின்னச் சின்ன வலிகளை.

"நான் வேற நெனச்சேன்," என்றாள். "பையைப் பாத்து அருவருப்புன்னு."

"எந்தப் பை?"

வேண்டுமென்று கேட்கவில்லை. அவர் பின் இருக்கையில் இருந்த மருந்துப் பையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அவள் கைப்பையைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அடித்தது. கடைக்கு மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் உருளைகளை அவருக்குக் காட்டினாள். ஸ்பேனர் செட் மாதிரி வரிசையாக இருக்கிறதே என்றார். பெரியதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, நல்ல ஃபினிஷிங் என்றார். நான் ஏதாவது பிடிக்கணுமா என்று கேட்டார். இது என் வேலை, நீங்கள் போய் ஸ்டூலில் ஏறுங்கள் என்றாள்.

வேலையாகத்தான் இருந்தது. முதல் நாட்களில் மிகச் சின்னதே எரிந்தது. ஒரு நாள் அழுதாள், ஒரு நாள் அதைத் தூக்கி எறிந்தாள், அது கட்டிலுக்கடியில் உருண்டு போய்விட்டது. மெக்கானிக் டார்ச் அடித்துத் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தார். களிம்பு மெல்ல மெல்ல வேலை செய்தது. பெரியது போக, அதற்கு முந்தையது எளிதானதும் அவள் ஒரு ஞாயிறு குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நீல உறையைத் தேடவில்லை.

மெக்கானிக் கொட்டாவி விட்டார். பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜன்னல் திரை வழியாக மதிய வெயில் வந்தது. கீழே யாரோ வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் கையை வைக்க இடம் தேடுவதைப் பார்த்து, அவளே எடுத்துப் பைமேல் வைத்தாள்.

"சூடா இருக்கே," என்றார்.

"உள்ளேர்ந்துதானே வருது. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரொம்பிடும், வாங்க."

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அவள் மேலே இருந்தாள். ஜெல் நிறையவே இருந்தது, அவர் முழங்கை வழுக்கி ஒரு தடவை கட்டிலில் இடித்துக்கொண்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் தெரிந்தது, தன் வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. சுவர் எங்கோ முன்னால் வந்துவிட்டிருந்தது. சட்டென்று குத்தியது.

பல் தானாகக் கடித்துக்கொண்டது. அவர் முகம் கீழே இருந்தது, கண் மூடி, அத்தனை மாதங்களுக்குப் பிறகு. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. பொறுத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம்தான். எவ்வளவோ பொறுத்தாயிற்று. ஆனால் இதையும் பொறுத்தால் அடுத்த ஞாயிறு அவர் மறுபடி ஸ்டூலில் ஏறுவார், பொறுத்தது அவருக்கு எப்படியும் பின்னால் தெரிந்துவிடும்.

"வலிக்குது," என்றாள்.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். எழுந்து ஓடப் பார்த்தார், ஆனால் அவள் மேலே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றார்.

"வலிக்குதுன்னுதான் சொன்னேன். போகச் சொல்லல." அவளே மெதுவாக விலகினாள். அவர் தோள்மேல் தலையை வைத்துப் படுத்தாள். "பாருங்க, சொல்லிட்டேன். இனிமே சொல்லுவேன். நீங்க ஓடக் கூடாது."

ஓடவில்லையே என்றார். ஓட முடியவில்லை என்றாள் அவள். அதற்கு அவர் சிரித்தார், வயிறு குலுங்க, பை குலுங்க. அவளும் சிரித்தாள். அது அடங்கியதும் அறை அமைதியானது. வாளி கழுவியவர்களும் போய்விட்டிருந்தார்கள்.

அப்புறம் அவர் கையை நகர்த்தினார். அவசரமில்லாமல், ஒன்றைச் சரிசெய்கிறவர்போல இல்லாமல். பழைய இடத்துக்குப் போனார். அங்கே ஒன்றுமில்லை, மரத்த கால்போல இருந்தது. அவள் அதையும் சொன்னாள். அவர் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"கொஞ்சம் மேல. இன்னும். ரொம்ப இல்ல."

"இங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக் கண்டு அவர் கையை எடுக்கப் போனார். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க," என்றாள். "இருங்க. வருது."